வாயு போகும் வழியில் விரலை வைத்து: மயக்க மருந்து இயந்திரத்தைச் சோதிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயக்க மருந்து இயந்திரத்தின் முன்னால் முதல் நாள் நிற்பவரிடம் நான் சொல்லும் வேலை ஒன்றுதான். சுவரிலிருந்து ஆக்சிஜன் குழாய் புறப்படும் இடத்தில் ஆள்காட்டி விரலை வையுங்கள். வாயு போகிற வழியிலேயே விரலையும் நகர்த்துங்கள்: குழாய், அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ், வாயுவின் ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர், மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசர், வாயுக் கலவை வெளியே வரும் வாய், மூச்சுக் குழாய்களின் தொகுப்பான சர்க்கிட், கடைசியில் நோயாளியின் முகத்தில் வைக்கும் மாஸ்க். அங்கேயே நிறுத்திவிடாமல், வெளிவிடும் மூச்சு திரும்பி வரும் பாதையிலும் போய், கழிவு வாயுவை அறைக்கு வெளியே கொண்டுபோகும் குழாயில் முடியுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ, அன்றைக்கு நீங்கள் படிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஹென்றி பாயில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1917இல் உருவாக்கிய கருவியை வைத்து, இன்றும் பலர் இதை 'பாயில்ஸ் மெஷின்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது தொடுதிரையும் கணினியும் வந்துவிட்டன, அடிப்படை வேலை மாறவில்லை. அதிக அழுத்தத்தில் வரும் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து, அதை அளந்து, மயக்க மருந்தின் ஆவியைக் கலந்து, நுரையீரல் தாங்கும் மென்மையோடு கொடுத்து, திரும்பி வரும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடுகிறது. அதனால் பழைய இயந்திரத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் புதியதன் முன்னாலும் தடுமாற மாட்டார்.

கீழே உள்ள வரிசை, காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் செய்யும் முழுச் சோதனைக்கானது. உங்கள் இயந்திரத்தின் கையேடும் உங்கள் துறையின் விதிமுறையும் இதற்கு மேலே. முதல் சில வாரங்கள் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். புதிய இயந்திரங்கள் தாமாகவே சுயசோதனை செய்து 'சரி' என்று காட்டும். அது உதவிதான், ஆனால் அதற்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. அவற்றையும் வழியில் சொல்கிறேன்.

இயந்திரத்தைத் தொடும் முன்

முதலில் தேட வேண்டியது ஆம்பு பை. தானாக விரியும் அந்தப் பை இயந்திரத்தின் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூடவே இயந்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி ஆக்சிஜன் சிலிண்டர், அதில் வாயு இருக்கிறதா என்று பார்த்த அத்தாட்சி. பையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நோயாளி முனையை உள்ளங்கையால் அடைத்துவிட்டு அழுத்தினால் எதிர்ப்பு தெரிய வேண்டும், கையை எடுத்ததும் பை உடனே விரிய வேண்டும். இயந்திரம் எந்த இடத்தில் எப்படிக் கைவிட்டாலும், இந்தப் பை இருந்தால் நோயாளிக்கு மூச்சு கொடுக்க முடியும். இது இல்லாமல் மயக்க மருந்து தொடங்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது.

அடுத்து சக்ஷன், அதாவது சளியையும் எச்சிலையும் உறிஞ்சி எடுக்கும் கருவி. குழாயின் முனையை விரலால் அடைத்து, கேஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். இயந்திரத்தின் மின் இணைப்பு சுவரில் நேராகச் செருகியிருக்கிறதா, பேட்டரி சார்ஜில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சிலிண்டரும் பைப்லைனும்

இயந்திரத்துக்கு வாயு இரண்டு வழிகளில் வருகிறது. வழக்கமாகப் பயன்படுவது பைப்லைன், அதன் அழுத்தம் சுமார் 4 பார். இயந்திரத்தின் முதுகில் மாட்டியிருக்கும் சிலிண்டர் அவசரத்துக்கு. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் 137 பார் அளவில் இருக்கும். இத்தனை அழுத்தத்தை ரெகுலேட்டர் ஒன்று குறைத்து இயந்திரத்துக்குள் விடுகிறது. பெரும்பாலான இயந்திரங்களில் இந்தக் குறைந்த அழுத்தம் பைப்லைனைவிடக் கொஞ்சம் தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் திறந்திருந்தால் பைப்லைன் வாயுதான் முதலில் போகும். இந்தச் சின்ன விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் ஓர் அவசரத்தில் இதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

சிலிண்டரின் நிறம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆக்சிஜனுக்கு ஓரிடத்தில் வெள்ளைத் தோள், இன்னோரிடத்தில் பச்சை. ஆகவே நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். தப்பான சிலிண்டரை மாட்டிவிடாமல் இருக்க, இயந்திரத்தில் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும் நுகத்தில் ஊசி போன்ற முளைகளும் சிலிண்டர் வால்வில் அதற்கேற்ற துளைகளும் இருக்கும். ஆக்சிஜனுக்கு 2, 5 என்ற இடங்கள். மயக்கத்துக்கு உதவும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. காற்றுக்கு 1, 5. முளை உடைந்தோ வளைந்தோ இருந்தால் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். சிலிண்டர் உட்காரவில்லை என்று இரண்டு வாஷர் போட்டு இறுக்குவதும் அதே அளவு ஆபத்து. வாஷர் தடித்துவிட்டால் முளைகள் துளைக்குள் போகாமலே சிலிண்டர் பொருந்திவிடும், பாதுகாப்பு இருந்த இடமே காலியாகிவிடும்.

மாட்டும் முன் சிலிண்டரை ஒரு கணம் லேசாகத் திறந்து மூடுங்கள். வாயில் ஒட்டியிருக்கும் தூசு பறந்துவிடும். எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் ஆக்சிஜன் வால்வைத் தொடவே கூடாது. அதிக அழுத்த ஆக்சிஜன் அதைப் பற்றவைத்துவிடும். மாட்டியபின் மெதுவாகத் திறந்து, கேஜைப் படித்து, மறுபடி மூடுங்கள். மூடியபின் முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் அந்த வாஷரில்தான். சிலிண்டரைத் திறந்தே விட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பைப்லைன் அழுத்தம் லேசாகக் குறையும்போதெல்லாம் சிலிண்டர் சத்தமில்லாமல் காலியாகிக்கொண்டிருக்கும். உண்மையில் தேவைப்படும் நேரத்தில் அதில் ஒன்றும் இருக்காது.

எவ்வளவு நேரத்துக்கு வரும் என்ற கணக்கு எளிது. இயந்திரத்தில் மாட்டும் 'ஈ' அளவு சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 660 முதல் 680 லிட்டர் ஆக்சிஜன் தரும். ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வாயுவாகவே இருப்பதால், அழுத்தமும் அளவும் சேர்ந்தே குறையும். முள் பாதியில் நின்றால் பாதி மிச்சம், அதாவது சுமார் 330 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் உங்கள் வென்டிலேட்டரின் துருத்தியை அழுத்துவதும் ஆக்சிஜன்தான் என்றால், நோயாளிக்குப் போகும் மூச்சு அளவுக்கு இன்னொரு பங்கு ஆக்சிஜன் அந்த வேலைக்கே செலவாகிவிடும். சிலிண்டரை நம்பி இருக்கும்போது கையால் பை அழுத்துவதே மேல் என்று சொல்வது இதனால்தான்.

நைட்ரஸ் ஆக்சைடு இந்தக் கணக்குக்கு அடங்காது. அதன் மாறுநிலை வெப்பம், அதாவது அழுத்தத்தால் திரவமாக்கக்கூடிய உச்ச வெப்பம், 36.5 டிகிரி செல்சியஸ், அதனால் சாதாரண அறை வெப்பத்தில் சிலிண்டருக்குள் திரவமாகக் கிடக்கிறது. மேலே இருக்கும் ஆவியின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 51 பார். திரவம் முழுவதும் தீரும்வரை முள் ஏறத்தாழ அசையாது, தீர்ந்தபின் வேகமாக விழும். முள் நிறைவாக நிற்கிறது என்று நம்பியிருப்பீர்கள், சிலிண்டரில் முக்கால் பங்குக்கு மேல் போயிருக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடை போடுவதுதான் வழி.

இனி பைப்லைன். குழாய்களை ஒவ்வொன்றாகச் செருகி, லேசாக இழுத்துப் பாருங்கள். கழன்று வரக் கூடாது. கேஜில் 4 பார் பக்கம் நிற்க வேண்டும். குழாயின் மேல் வண்டிச் சக்கரம் ஏறி நிற்கிறதா என்று தரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரோட்டாமீட்டரும் அதைச் சுற்றிய பாதுகாப்பும்

ரோட்டாமீட்டரின் கண்ணாடிக் குழாய் மேலே போகப் போக அகலும். அதற்குள் மிதக்கும் குமிழ் சுழல வேண்டும், சுழல்வது தெரியத்தான் அதில் புள்ளி வைத்திருக்கிறார்கள். சுழலாமல் நின்றால் அழுக்கோ நிலைமின்சாரமோ அதைச் சுவரோடு ஒட்டவைத்திருக்கிறது, அந்த அளவை நம்பக் கூடாது. குமிழாக இருந்தால் அதன் மேல்விளிம்பில் படிக்க வேண்டும், உருண்டையாக இருந்தால் நடுவில். கண்ணைக் குமிழின் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

ஆக்சிஜன் திருகு மற்றவற்றைவிடப் பெரிதாக, பள்ளம் பள்ளமாக, கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலும் விரல் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. கண்களை மூடிக்கொண்டு நாலைந்து முறை தேடிப் பழகுங்கள். குழாய் இடது ஓரத்தில் இருந்தாலும் வலது ஓரத்தில் இருந்தாலும், ஆக்சிஜன் மட்டும் மற்ற வாயுக்களுக்குப் பிறகு, கடைசியாகக் கலக்கும்படி அமைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் குழாய் ஒன்றில் விரிசல் விட்டால் அப்போது ஆக்சிஜன் வீணாகாது.

நைட்ரஸ் ஆக்சைடை ஏற்றினால் ஆக்சிஜனும் கூடவே ஏற வேண்டும், ஆக்சிஜனைக் குறைத்தால் நைட்ரஸும் இறங்க வேண்டும். கலவையில் ஆக்சிஜன் சுமார் 25 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இரண்டு திருகுகளையும் சங்கிலியோ வேறு அமைப்போ பிணைத்திருக்கும். இதைத் திருகிப் பார்த்தே சோதியுங்கள். அப்புறம் இரண்டையும் திறந்துவைத்து, சிலிண்டர் மூடியிருக்கும்போது ஆக்சிஜன் பைப்லைனைக் கழற்றுங்கள். அழுத்தம் விழுந்ததும் அலாரம் சத்தம் போட வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடின் குமிழும் விழ வேண்டும். நோயாளி மேசையில் இல்லாதபோது மட்டுமே இதைச் செய்யுங்கள். முடித்ததும் பைப்லைனை மறுபடி செருகிவிட்டதை உறுதிசெய்யுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இதுவரை பார்த்த அலாரமும், நைட்ரஸை நிறுத்தும் வால்வும், 25 சதவீதச் சங்கிலியும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் மட்டுமே உணர்கின்றன. குழாய்க்குள் வருவது ஆக்சிஜன்தானா என்று அவற்றுக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் பைப்லைன் இணைப்பு மாறிப்போய், ஆக்சிஜன் குழாயில் நைட்ரஸ் ஆக்சைடு வந்தால், கேஜ் 4 பார் காட்டும், குமிழ் அழகாகச் சுழலும், அலாரம் அமைதியாக இருக்கும். வாயு எது என்று கண்டறிவது ஆக்சிஜன் அனலைசர் ஒன்றுதான். அதனால் அதன் சென்சாரை அறைக் காற்றில் வைத்து 21 சதவீதம் காட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். பிறகு சர்க்கிட்டில் பொருத்தி, தூய ஆக்சிஜனை ஓடவிட்டு, 90க்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். குறைந்த அளவு அலாரத்தை யாராவது அணைத்துவைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையை இந்த முழுச் சோதனையின் மையம் என்றே நான் கருதுகிறேன்.

ஆக்சிஜன் ஃபிளஷ் பொத்தானை அழுத்தினால் நிமிடத்துக்கு 35 முதல் 75 லிட்டர் வரை பாயும். அது வேப்பரைசர் வழியாகப் போவதில்லை. அறுவை நடக்கும்போது அடிக்கடி அழுத்தினால் மயக்க மருந்து நீர்த்துப்போய் நோயாளி விழித்துக்கொள்ளக்கூடும். வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளும் நொடியில் அழுத்தினால் நுரையீரலில் அழுத்தம் எகிறும். பொத்தானை விட்டதும் அது தானே எழும்பி வருகிறதா என்பதையும் சோதியுங்கள்.

வேப்பரைசர்

மூடிய கலனில் 20 டிகிரியில் செவோஃபுளூரேன் என்ற மயக்க மருந்துத் திரவம் தன் ஆவியால் தரும் அழுத்தம் சுமார் 160 மி.மீ. பாதரசம். வளிமண்டலம் 760. அப்படியானால் அதன் மேல் தங்கும் வாயுவில் ஏறத்தாழ 21 சதவீதம் மருந்து. நமக்கு வேண்டியதோ 2 சதவீதத்தை ஒட்டிய அளவு. இந்த இடைவெளியைச் சரிசெய்வதே வேப்பரைசரின் வேலை. வரும் வாயுவில் சிறு பங்கை மட்டும் மருந்து இருக்கும் அறைக்குள் அனுப்பி, மீதியைப் பக்கவழியாக விட்டு, கடைசியில் இரண்டையும் சேர்க்கிறது. டயலைத் திருப்பும்போது மாற்றுவது இந்தப் பங்கைத்தான். ஆவியாகும் மருந்து குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் ஆவி குறையும். அதற்கு ஈடுசெய்யும் அமைப்பும் உள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு வேப்பரைசரும் ஒரே ஒரு மருந்துக்காக அளவிடப்பட்டது. ஐசோஃபுளூரேனின் ஆவியழுத்தம் சுமார் 240. அதைத் தவறிப்போய்ச் செவோஃபுளூரேன் வேப்பரைசரில் ஊற்றினால், டயல் சொல்வதைவிட அதிக மருந்து நோயாளிக்குப் போகும், அதுவும் வீரியம் கூடிய மருந்து. அதனால்தான் நிறங்கள்: ஹாலோதேனுக்குச் சிவப்பு, ஐசோஃபுளூரேனுக்கு ஊதா, செவோஃபுளூரேனுக்கு மஞ்சள், டெஸ்ஃபுளூரேனுக்கு நீலம். புட்டியின் கழுத்தும் நிரப்பும் வாயும் அந்தந்த மருந்துக்கு மட்டுமே பொருந்தும்படி செய்திருப்பார்கள். டெஸ்ஃபுளூரேன் 23 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். ஆகவே அதன் வேப்பரைசருக்கு மின்சாரம் வேண்டும், மருந்தை 39 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். செருகியதும் வேலை செய்யாது, சூடேற நேரம் கொடுங்கள்.

சோதனை இப்படி: மருந்தின் மட்டத்தைக் கண்ணாடியில் பாருங்கள். நிரப்பும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேப்பரைசர் தண்டில் நேராக உட்கார்ந்து பூட்டியிருக்க வேண்டும். ஒன்றைத் திறந்தால் இன்னொன்றின் டயல் திரும்பவே கூடாது. தலைகீழாகச் சாய்ந்துபோன வேப்பரைசர் என்றால், மருந்து பக்கவழிக்குள் புகுந்திருக்கும், திறந்ததும் அளவுக்கு மீறிய மருந்து வெளியேறும். அதைக் கழற்றித் தனியாக வைத்துப் பொறுப்பானவரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கிட்

பெரும்பாலான தியேட்டர்களில் நீங்கள் பார்க்கப்போவது வட்டச் சர்க்கிட். இரண்டு நெளிவுக் குழாய்கள், இரண்டு ஒருவழி வால்வுகள், ஒரு பை, அழுத்தத்தை விடுவிக்கும் ஏபிஎல் வால்வு, சோடா லைம் நிரப்பிய டப்பா. நோயாளி வெளிவிட்ட மூச்சு சோடா லைம் வழியாகப் போகும்போது கார்பன் டை ஆக்சைடு வேதிவினையில் கரைந்து, மீதி மறுபடி உள்ளே போகும். இதனால் மருந்தும் மிச்சம், சூடும் ஈரமும் மிச்சம்.

சோடா லைமில் முக்கால் பங்குக்கு மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு. அத்துடன் ஈரமும் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் நிறம் மாறும் சாயமும் இருக்கும். வெள்ளையிலிருந்து ஊதாவுக்கு மாறுவது ஒரு வகை, இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுவது இன்னொரு வகை. உங்களிடம் இருப்பது எது என்று சோடா லைம் வந்த உறையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தீர்ந்ததைப் புதிதென்று நினைத்துவிடுவீர்கள். நிறம் மாறியது ஓர் இரவு ஓய்ந்தபின் பழைய நிறத்துக்குத் திரும்புவதும் உண்டு, அப்போதும் அதன் சக்தி திரும்பியிருக்காது. ஆக்சிஜனை நிறுத்தாமல் வார இறுதி முழுதும் ஓடவிட்டுவிட்டால் சோடா லைம் காய்ந்துபோகும். காய்ந்த சோடா லைமில் டெஸ்ஃபுளூரேனோ ஐசோஃபுளூரேனோ பட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். திங்கட்கிழமை காலை திருகு திறந்திருக்கக் கண்டால், நிறம் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது டப்பாவின் விளிம்பையும் ரப்பர் வளையத்தையும் துணியால் துடையுங்கள். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், லீக் சோதனை மறுபடி மறுபடி தோற்றுப்போய், குழாய்களை எல்லாம் மாற்றி, பையை மாற்றி, வேப்பரைசரைக் கழற்றி, கடைசியில் அரை மணி நேரம் கழித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தோம். வளையத்தின் மேல் சோடா லைம் குருணை ஒன்று ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து டப்பாவை யார் கடைசியாகத் திறந்தார்கள் என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.

வட்டச் சர்க்கிட் தவிர, மேபிள்சன் 1954இல் வகைப்படுத்திய எளிய சர்க்கிட்கள் இருக்கின்றன. அவற்றில் சோடா லைம் கிடையாது, புது வாயுவின் வேகமே பழைய மூச்சை அடித்து வெளியேற்றுகிறது. சிறு குழந்தைகளுக்கு ஜாக்சன் ரீஸ். பெரியவர்களுக்கு 1972இல் வந்த பெயின் சர்க்கிட், குழாய்க்குள் குழாய். உள்குழாயில் புது வாயு போகும், வெளிக்குழாயில் மூச்சு திரும்பும். கையால் மூச்சு கொடுக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர் என்பது வழக்கமான கணக்கு, 60 கிலோ உள்ளவருக்கு 4.2 லிட்டர். நோயாளி தானாக மூச்சு விட்டால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும்.

பெயினின் ஆபத்து அந்த உள்குழாயில்தான். அது கழன்றுவிட்டாலோ பிளந்துவிட்டாலோ வெளியே ஒன்றும் தெரியாது. நோயாளி மட்டும் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனை 2 லிட்டரில் ஓடவிட்டு, நோயாளி முனையில் உள்குழாயின் வாயை மட்டும் சின்ன சிரிஞ்சின் தண்டால் அடையுங்கள். ரோட்டாமீட்டரின் குமிழ் கீழே அழுந்த வேண்டும். அழுந்தாவிட்டால் வாயு வேறு வழியில் தப்புகிறது, அந்தச் சர்க்கிட்டை ஒதுக்கிவிடுங்கள்.

லீக் பார்ப்பது

எல்லா ஓட்டத்தையும் நிறுத்துங்கள். நிறுத்த முடியாத இயந்திரமானால் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஏபிஎல் வால்வை முழுக்க மூடுங்கள். நோயாளி முனையைக் கட்டைவிரலால் அடைத்து, ஃபிளஷை அழுத்தி, சர்க்கிட்டில் அழுத்தத்தை 30 செ.மீ. நீர் அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்தது 10 நொடி முள் நிற்க வேண்டும். நின்றபின் விரலை எடுக்காதீர்கள், ஏபிஎல் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அந்த வால்வும் ஒழுங்காகத் திறக்கிறது என்பது இதே வேலையில் தெரிந்துவிடும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வேப்பரைசர் மூடியிருக்கும்போது அதன் உள்ளறை இந்தச் சோதனைக்குள் வராது, நிரப்பும் மூடியில் கசிவு இருந்தாலும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேப்பரைசரையும் திறந்துவைத்து இதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள், பிறகு அதை மூடி, சர்க்கிட்டில் தங்கிய மருந்தை ஆக்சிஜனால் வெளியேற்றுங்கள். அடுத்தது, சில இயந்திரங்களில் வெளிவாய்க்குச் சற்று முன்னால் ஒருவழி வால்வு இருக்கும். பின்னாலிருந்து தரும் அழுத்தம் அதைத் தாண்டி ரோட்டாமீட்டர் பக்கம் போகாது. அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கையால் பிழிந்த உறிஞ்சு குமிழை வெளிவாயில் பொருத்த வேண்டும். குமிழ் 10 நொடி சுருங்கியே இருந்தால் உள்ளே கசிவில்லை. உங்கள் இயந்திரம் எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பை சோதனை

லீக் இல்லை என்பதால் வாயு போகிறது என்று ஆகாது. முழுக்க அடைபட்ட சர்க்கிட்டும் லீக் சோதனையில் தேறிவிடும். ஆகவே நோயாளி முனையில் இன்னொரு பையை மாட்டி, அதை நுரையீரலாக நினைத்துக்கொண்டு, சர்க்கிட்டின் பையை அழுத்துங்கள். அந்தப் பை விரிய வேண்டும், விட்டதும் தடையின்றிச் சுருங்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு வால்வின் தட்டு எழும்பும், வெளியே வரும்போது மற்றொன்று எழும்பும். இரண்டும் சேர்ந்து எழும்பினாலோ ஒன்று அசையாமல் கிடந்தாலோ அங்கே நிறுத்துங்கள். பிறகு வென்டிலேட்டரைப் போட்டு அதே பைக்கு மூச்சு கொடுக்கச் செய்து, இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், அலாரம் அடிக்க வேண்டும். வெளிமூச்சில் மேலே எழும்பும் வகைத் துருத்தியானால், கழற்றியதும் அது கீழே விழுந்து கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

நோயாளிக்குப் பயன்படுத்தப்போகும் ஃபில்டர், முழங்கை இணைப்பு, மாஸ்க் எல்லாவற்றையும் மாட்டியபின் கடைசியாக ஒருமுறை வாயு வருகிறதா என்று பாருங்கள். இயந்திரத்தின் சுயசோதனைக்கு இந்தக் கடைசி அரையடி தெரியாது. புது ஃபில்டரின் பிளாஸ்டிக் மூடியோ உறையின் துண்டோ உள்ளே சிக்கி மூச்சை அடைப்பது நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஃபில்டர், ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை.

கழிவு வாயுக் குழாயையும் விட்டுவிடாதீர்கள். அது மடங்கியிருந்தால் அழுத்தம் சர்க்கிட்டுக்குத் திரும்பும், உறிஞ்சுவது அதிகமானால் பை சுருங்கிவிடும். ஒழுங்காக இருந்தால் அறையில் நாள் முழுதும் நிற்கும் உங்கள் நுரையீரலும் பாதுகாக்கப்படும்.

நடுவில் கோளாறு வந்தால்

ஆக்சிஜன் அனலைசரின் எண் காரணமில்லாமல் இறங்கினால், இரண்டு காரியம் சேர்ந்தே நடக்க வேண்டும்: ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பது, சுவரிலிருந்து ஆக்சிஜன் பைப்லைனைப் பிடுங்குவது. சிலிண்டரை மட்டும் திறந்தால் போதாது. பைப்லைன் அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரை சிலிண்டர் வாயு உள்ளே நுழையவே முடியாது என்று முன்பே பார்த்தோமே, அது இங்கேதான் உயிர் காக்கிறது. அப்படியும் எண் ஏறவில்லை என்றால், ஆம்பு பையை எடுத்து அறைக் காற்றிலோ தனிச் சிலிண்டரிலோ மூச்சு கொடுங்கள்.

பை நிரம்பவில்லை, அழுத்தம் ஏறவில்லை, அல்லது மூச்சு போகவே மறுக்கிறது. எங்கே கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்கிட்டைக் கழற்றி ஆம்பு பையை மாட்டுங்கள், சத்தமாக உதவிக்குக் கூப்பிடுங்கள். ஆம்பு பையில் மூச்சு எளிதாகப் போனால் கோளாறு இயந்திரத்தில். அதிலும் போகவில்லை என்றால் நோயாளியின் தொண்டைக்குள் போட்டிருக்கும் குழாயிலோ நோயாளியிடமோ. சர்க்கிட்டிலிருந்து பிரித்த கணத்திலிருந்து மயக்க ஆவி போகவில்லை என்பதால், ஊசி வழியாக மயக்கத்தைத் தொடர மூத்தவர் ஏற்பாடு செய்வார். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபின் கோடு மூச்சை இழுக்கும்போது பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றால், சோடா லைம் தீர்ந்திருக்கலாம் அல்லது ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். புது வாயுவின் வேகத்தைக் கூட்டிவிட்டு, பிறகு காரணம் தேடலாம்.

நாள் முடிவில்

வேப்பரைசர்களை மூடுங்கள். சிலிண்டர்களை மூடி, முதலில் நைட்ரஸ் ஆக்சைடு பைப்லைனைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் மிச்ச அழுத்தத்தை ஆக்சிஜன் ஓடும்போதே வெளியேற்றி, அப்புறம் ஆக்சிஜன் பைப்லைனையும் கழற்றி ஆக்சிஜனையும் வெளியேற்றுங்கள். கேஜ்கள் பூஜ்ஜியத்துக்கு வந்தபின் எல்லாத் திருகுகளையும் மூடி, கழற்றிய குழாய்களைச் சுருட்டி மாட்டுங்கள். சர்க்கிட்டில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். இன்றைக்கு என்ன சோதித்தீர்கள், எது சரியில்லை என்பதைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். சோடா லைம் மாற்றிய நாளன்று, தேதியைப் பேனாவால் டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், நாளைக் காலை வருபவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் படிக்கட்டும்.